ஊக்கு குத்தாத கால்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு காலை

அன்புள்ள கூட்டாளிக்கு,

நலம்தானே? உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் போட முடியாமல் போனது மச்சானால்தான். தங்கச்சி வீட்டுக்காரர், நம் தோட்டத் திடலில் கோல் காத்தவர், உனக்கு நினைவிருக்கும். இதய வால்வு மாற்றியதிலிருந்து நீயும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாய். அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

இதயத் துடிப்பு சீராக இல்லை என்று மச்சானுக்கு நான்கு வருடமாக வார்ஃபரின். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கொல்லையில் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தவர், அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டிருக்கிறார். உடனே தோள்பட்டைகளுக்கு நடுவில் சுளீரென்று வலி, நெஞ்சைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியதுபோல. வாயுப்பிடிப்பு என்று தங்கச்சி கோடாலித் தைலம் தேய்த்தாள். அப்புறம் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். தசைப்பிடிப்பு என்று சொல்லி, வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நான் போகும்போது மணி 10. கால் மரத்துப்போகிறது என்றார். முப்பது வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தவன் நான், சும்மா இருக்க முடியவில்லை. தங்கச்சி சேலையிலிருந்த ஊக்கை வாங்கி, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்திலிருந்து லேசாகத் தொட்டுக்கொண்டே மேலே வந்தேன். முழங்காலிலும் தொடையிலும் ஒன்றும் தெரியவில்லை. தொப்புளுக்கு இரண்டு விரற்கடை மேலே வந்ததும்தான் "குத்துது மச்சான்" என்றார். ஒன்றுக்குப் போனீர்களா என்று கேட்டேன். முட்டிக்கொண்டு நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது என்றார். உடனே காரில் ஏற்றி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்ததும் தெரிந்துவிட்டது. தண்டுவடத்தை மூடிய உறைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் ஒரு குறுகலான இடம் இருக்கிறது. அங்கே கொழுப்பும் மெல்லிய சிரைகளும்தான். அந்தச் சிரைகளில் வால்வு கிடையாது. தும்மினாலும் முக்கினாலும் வயிற்றிலும் நெஞ்சிலும் ஏறுகிற அழுத்தம் நேரே அங்கே போகும். அப்படி ஒரு சிரை விட்டுப்போய், ரத்தம் கசிந்து கட்டியாகித் தண்டுவடத்தை நெருக்கிவிட்டது. அடி எதுவும் படாமல் இப்படி வருவது வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்குத்தான். சி.டி. ஸ்கேனில் சில நேரம் கண்ணில் படாமலே போய்விடுமாம்.

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் 5-ஐத் தாண்டியிருந்தது. அவருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கவேண்டியது. பல்வலிக்கு ஒரு வாரமாக மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை விழுங்கியிருக்கிறார். அது வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தம் இன்னும் உறையாமல் போகும். வைட்டமின் கே போட்டார்கள். அது வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும் என்பதால், ரத்தத்தை உறையவைக்கும் காரணிகள் அடங்கிய மருந்தையும் ஏற்றினார்கள். மாலை நாலரைக்கு அறுவை. முதுகெலும்பின் பின்பக்கத் தகட்டை எடுத்துவிட்டு, கட்டியை அகற்றினார்கள். 12 மணி நேரத்துக்குள் செய்தால் கால் திரும்ப வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். தானாகவே தேறிக்கொண்டு வருகிறவர்களை மட்டும் கத்தி வைக்காமல் பக்கத்திலேயே வைத்துக் கவனிப்பார்களாம். கிளினிக்கிலிருந்து வந்து படுத்துக் கிடந்த அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று, இதை உன் வீட்டிலும் சொல்லிவை. கழுத்தில் இந்தக் கசிவு வந்தால் ஒரு பக்கத்துக் கையும் காலும் மட்டும் விழலாம், பார்க்கிறவர்கள் பக்கவாதம் என்று நினைத்துவிடுவார்கள். அந்த எண்ணத்தில், மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் கசிவு பெருகிவிடும். முகம் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, முதலில் கழுத்து வலித்தது என்றால் அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லவேண்டும். அதற்காக நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே. வால்வு வைத்த உனக்கு அது வேறு ஆபத்து.

மச்சானுக்கு மூத்திரக்குழாய் எடுத்தாயிற்று. நேற்று கம்பை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்து, செம்பனை லாரி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது பாதம் மட்டும் இன்னும் தரையை உரசுகிறது.

உன் ஐ.என்.ஆர். புத்தகத்தில் கடைசியாக என்ன எண் எழுதியிருக்கிறது? பதிலில் முதல் வரியாக அதை எழுது.

உன் கூட்டாளி