பெயர் சொல்லாமல் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

இந்த மடலில் உங்கள் யார் பெயரும் இருக்காது. குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்டிங்கில் யார் வந்தார், என்ன பேசினார் என்பது அந்த அறையைத் தாண்டக்கூடாது. உதவியவர்களின் பெயரைச் சொன்னால் அவர்கள் யாருக்கு உதவினார்கள் என்பதும் சேர்ந்து வெளியே வந்துவிடும். நாங்கள் ஏ.ஏ.வின் சார்பில் பேசுகிறவர்கள் அல்ல. 'மீட்டிங் எங்கே நடக்குது?' என்று கேட்டு வரும் குடும்பங்களுக்கு வழி சொல்கிற சிலர், அவ்வளவுதான். குடிநோயாளி ஒருவர் வீட்டுப்படி இறங்கி அந்த நாற்காலியில் உட்காரும்வரை எத்தனை பேர் கை வேண்டியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி, மீட்டிங் பட்டியலைச் சரிபார்த்துத் தருகிறவர்களுக்கு. பழைய பட்டியல் ஆளையே இழக்க வைத்துவிடும். பல மீட்டிங்குகள் சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கின்றன. புனித வாரம் வந்தால் அறை மாறும், பரீட்சை வந்தால் நேரம் மாறும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவரை இரண்டாம் தடவை கிளப்புவது பெரும்பாடு. நீங்கள் ஒவ்வொரு குழுவுக்கும் போன் போட்டு நாள், நேரம், மொழி, எந்த கேட், எத்தனையாவது மாடி என்று கேட்டு எழுதுகிறீர்கள். ஓபன் மீட்டிங்கா, குளோஸ்டு மீட்டிங்கா என்பதையும் விடுவதில்லை. ஓபன் என்றால் மனைவி, அம்மா, நண்பர் யாரும் கூட உட்காரலாம். குளோஸ்டு என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவருக்கு மட்டும். இந்த ஒரு சொல் விடுபட்டால், கணவரோடு வந்த பெண் ஒரு மணி நேரத்துக்கு மேல் தெருவில் நிற்க வேண்டியதுதான். குடும்பத்தாருக்காக 1951-இலேயே அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் மீட்டிங்கையும் அதே தாளில் சேர்த்திருக்கிறீர்களே, அது இன்னும் நல்லது.

மனநலப் பிரிவுச் செவிலியர்களுக்கு அடுத்த நன்றி. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் வந்து இல்லாதது கண்ணுக்குத் தெரியும். அது உயிரையே எடுக்கக்கூடியது. 'வைராக்கியம் இருந்தா போதும்' என்று அறைக்குள் பூட்டி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலில் டாக்டர், பிறகு மீட்டிங். டாக்டர் தந்த மாத்திரையை மீட்டிங்கைக் காரணம் காட்டி நிறுத்தக்கூடாது. இதைச் சலிக்காமல் சொல்கிறீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் பின்புறம் 'இன்று மாலை 7 மணி' என்று எழுதியும் கொடுக்கிறீர்கள். 'அடுத்த வாரம் போங்க' என்றால் யாரும் போவதில்லை.

கூட வருகிற பழைய உறுப்பினர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குத்தான் மூடுகிறது. 7 மணி மீட்டிங்குக்குப் போகும் வழியெல்லாம் கடை திறந்திருக்கும். அதனால்தான் நீங்கள் 6.30-க்கே பஸ் ஸ்டாப்புக்கு வருகிறீர்கள், இரண்டு பேராக வருகிறீர்கள், சுற்று வழியானாலும் கடை இல்லாத தெருவாகப் பார்த்துக் கூட்டிப்போகிறீர்கள். புதிதாக வருவது பெண் என்றால் அழைத்துப்போக ஒரு பெண் உறுப்பினரையே அனுப்புகிறீர்கள். பெண் உறுப்பினர்கள் குறைவாக இருக்கும் ஊரில் இது லேசான வேலை இல்லை.

போகும்போதே பாதி பயத்தைப் போக்கிவிடுகிறீர்கள். பெயர் மட்டும் சொன்னால் போதும். பேசப் பிடிக்கவில்லையா, 'இன்னைக்குக் கேட்டுக்கிறேன்' என்றால் அடுத்தவர் பேசுவார். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே புகுந்து அறிவுரை சொல்வதில்லை. கட்டணம் கிடையாது, காணிக்கைப் பை சுற்றி வரும்போது புதியவர் எதுவும் போட வேண்டாம். ஒரு குழு ஒட்டவில்லை என்றால் வேறு குழு இருக்கிறது, ஐந்தாறு மீட்டிங் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். இத்தனையும் பத்து நிமிட நடையில் சொல்லி முடிக்கிறீர்கள்.

அறை தந்த பங்குத்தந்தைகளுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் நன்றி. 'சர்ச்சுக்குக் கூப்பிடுறாங்களே, மதம் மாத்திடுவாங்களோ?' என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அறை வாடகைக்கு, அந்த வாடகையை உறுப்பினர்களே கொடுக்கிறார்கள், வெளி நன்கொடை வாங்குவதில்லை என்பதுதான் எங்கள் பதில். நீங்கள் சிறு வாடகை வாங்கிக்கொண்டு, உள்ளே யார் வருகிறார் என்று எட்டிக்கூடப் பார்க்காமல் இருப்பதால்தான் அந்தப் பதில் எடுபடுகிறது.

கடைசியாக, வாட்ச்மேன் அண்ணன்களுக்கு. மீட்டிங் 8.30-க்கு முடிந்தாலும் வாசலில் கால் மணி நேரமாவது பேச்சு நீளும். புதியவர் போன் நம்பர் வாங்குவது அப்போதுதான். ராத்திரி 11 மணிக்குக் கை நடுங்கும்போது அவர் கூப்பிடப்போவது அந்த நம்பரைத்தான். அதுவரை கேட்டைச் சாத்தாமல், வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருக்கிறீர்கள். ரொம்ப நன்றி, அண்ணே.

இப்படிக்கு,
வழி சொல்கிறவர்கள்