வாசகர் வட்டம் செயலாளர் ஆண்டறிக்கை: லியர் ராஜா, முதல் அங்கம் மட்டும்

சபைக்கு வணக்கம். இந்த வருஷம் ஷேக்ஸ்பியரோட கிங் லியர் முதல் அங்கம், அதுல இருக்க அஞ்சு காட்சி, அவ்ளோதான் படிச்சோம். வருஷம் பூரா இது ஒண்ணுதானான்னு கேட்டவங்களுக்கும் சேத்துதான் இந்த அறிக்கை.

கும்பகோணம் பக்கத்து ஆளுங்களுக்கு பாகப்பிரிவினைய பத்தி யாரும் சொல்லித்தர வேணாம். வயசான லியர் ராஜா தன் ராஜ்யத்த மூணு பொண்ணுங்களுக்கு பிரிக்கிறாரு. எந்தப் பொண்ணுக்கு எம்மேல பாசம் ஜாஸ்தியோ அவளுக்குத்தான் பெரிய பங்குன்னு லியர் சபையில வச்சு கேக்குறாரு, ஆனா அவரு உள்ள வர்றதுக்கு முன்னாடியே அவரோட பிரபுக்கள் கென்ட்டும் க்ளாஸ்டரும் பேசிக்கிறாங்க, ரெண்டு மருமகனுக்கும் பங்கு சமமா இருக்கு, எது ஒசத்தின்னே சொல்ல முடியலன்னு. நம்ம விவசாயி அண்ணன் ஒருத்தர்தான் இத புடிச்சாரு. "பத்திரம் எழுதி முடிச்சிட்டு பரீட்சை எதுக்குய்யா?"

அப்புறம் வரி வரியா திரும்ப பாத்தோம். மூத்த பொண்ணு கானரில் பேசி முடிச்ச உடனே மேப்புல கோடு காட்டி அவ பங்க குடுத்துடுறாரு, தங்கச்சிங்க ரெண்டு பேரும் இன்னும் அவருக்கு பதிலே சொல்லல. ரெண்டாவது பொண்ணு ரீகனுக்கும் அப்படியே. அதுக்கப்புறம் கடைசி பொண்ணு கார்டீலியாகிட்ட, அக்காங்களவிட செழிப்பான பங்கு வாங்க நீ என்ன சொல்லப்போறன்னு கேக்குறப்ப மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான். அப்ப போட்டியே கிடையாது, நாலு பேர் முன்னாடி புகழ்ச்சி கேக்கணும், அதுதான் ஆசை. ஒண்ணுமில்லன்னு அவ சொன்னது அதனாலதான் அந்தளவுக்கு சுட்டுச்சு. அப்பா மனசு குளிர ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சிடும்னு ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா கடைசிவரைக்கும் விடல, நான் கார்டீலியா பக்கம்தான், இன்னிக்கும்.

இந்த நாடகம் பழைய காலத்துல ரெண்டு விதமா அச்சாச்சு, அந்த 1608 பதிப்பையும் 1623 பதிப்பையும் ஜெராக்ஸ் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தது ரொம்ப பிரயோஜனமா இருந்துச்சு. பின்னாடி சண்ட வரக்கூடாதுன்னுதான் இப்பவே பிரிக்கிறேன்னு லியர் காரணம் சொல்ற வரி 1623ல மட்டும்தான் இருக்கு. பங்கு பிரிக்கிற எல்லா அப்பாவும் சொல்றதுதானே அது!

க்ளாஸ்டரோட மகன் எட்மண்ட் பொய் லெட்டர் காட்டி அண்ணன மாட்டிவிடுற காட்சி ஒரே கூட்டத்துல முடிஞ்சிடுச்சு. நாலாங்காட்சி முடியல. ராஜா பட்டமும் 100 வீரருங்களும் மட்டும் வச்சுக்கிட்டு, மாசம் ஒரு பொண்ணு வீடுன்னு கெளம்புனவரு, கானரில் வீட்டுல ரெண்டு வாரத்துக்குள்ள ஒரேயடியா 50 பேர கொறச்சிட்டாங்கன்னு கத்துறாரு. அன்னிக்கு வயசான உறுப்பினர் அய்யா ஒருத்தர் அவரு வீட்டு கதையவே சொன்னாரு, அத இங்க எழுத மாட்டேன்.

மேட்டூர் தண்ணி வந்து நடவு ஓடுனப்போ கூட்டம் வைக்கல. வரவு செலவ பொருளாளர் வாசிப்பாரு. வர்ற வருஷம் ரெண்டாம் அங்கம்னு செயற்குழு முடிவு, சம்மதம்னா கை தூக்குங்க. சந்தா பாக்கி உள்ளவங்க இன்னிக்கே கட்டிட்டா ஜெராக்ஸ் செலவுக்கு ஆகும்.