ஈரத் துண்டு தந்தவருக்கு நன்றி
வாங்கிய அன்றே அந்த 1958 மாடல் காரை நானே வீட்டுக்கு ஓட்டி வந்தேன். பாதி வழியில், உச்சி வெயிலில், மேடு ஏறும்போது என்ஜின் நின்றுவிட்டது. எத்தனை முறை முயன்றும் கிளம்பவில்லை. நெஞ்சு பதறியது.

லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தீர்கள், ஐயா. பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பைத் தொட்டுப் பார்த்தீர்கள். இக்கால வண்டிகளில் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. பழைய வண்டியில் என்ஜினோடு ஒட்டியிருப்பதால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வரத்து தடைபடும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். தோளில் கிடந்த துண்டை நனைத்துப் பம்பின்மேல் சுற்றினீர்கள். 20 நிமிடம் என்னோடு காத்திருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிது.

வண்டி கிளம்பியது! பணம் வாங்க மறுத்தீர்கள். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கார் பத்திரமாக வீடு சேர்ந்தது, ஐயா. உங்கள் துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.