வானம் தரும் வெப்பத்தைச் சேலத்திலேயே கணக்கிடலாம்: இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்ட மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். பணிநிறைவுக்குப் பிறகும் மாலையில் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பழைய ஆசிரியன் எழுதுகிறேன். வளிமண்டலத்தை ஒரே ஏடாக, அதாவது ஒற்றை அடுக்காக, பாவித்துக் கரும்பலகையில் நாம் போடும் கணக்கு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைச் சொல்லாமலே அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்தக் குறையில் எனக்கும் முப்பது ஆண்டுப் பங்கு உண்டு.

கணக்கு தாங்கள் அறிந்ததே. புவி ஏற்கும் சூரிய ஆற்றல் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 240 வாட். அதைத் திருப்பி உமிழ 255 கெல்வின் வெப்பநிலை போதும். அகச்சிவப்புக் கதிரை முழுதும் விழுங்கும் ஏடு ஒன்றை மேலே வைத்தால், அது மேல்நோக்கி 240, கீழ்நோக்கி 240 என உமிழ, தரை 303 கெல்வினுக்கு ஏறுகிறது. உண்மைச் சராசரியோ 288 தான். பசுமை இல்ல விளைவை விளக்க இந்த மாதிரி போதும். ஆனால் வானத்திலிருந்து தரைக்கு வரும் அகச்சிவப்புக் கதிர்வீச்சு, மாதிரி சொல்லும் 240 அன்று; உலகச் சராசரியில் ஏறத்தாழ 340 வாட். தரையைக் கூடுதலாகச் சூடேற்றிக் காட்டும் மாதிரி வானத்தின் பங்கை மட்டும் குறைத்துக் காட்டுவது ஏன் என்று ஒரு மாணவி கேட்டபோது, உடனே விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விடை நம் ஊரிலேயே நிற்கிறது. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. தெளிந்த இரவில் சேலத்துத் தரைக்கு வரும் வானக் கதிர்வீச்சில் பெரும்பங்கு, அண்ணாந்தால் தெரியும் சேர்வராயன் உச்சிக்கும் கீழே, நீராவி செறிந்து வெதுவெதுப்பாக இருக்கும் காற்றிலிருந்தே வருகிறது. விண்வெளிக்குப் போவதோ பல கிலோமீட்டர் உயரத்துக் குளிர்ந்த காற்றிலிருந்து. ஒரே ஏடு இவ்விரு வேலையையும் ஒரே வெப்பநிலையில் செய்ய இயலாது. மேலும், ஆவியாதலாலும் காற்று மேலெழுவதாலும் தரை இழக்கும் ஏறத்தாழ 100 வாட்டை அந்தக் கணக்கு கண்டுகொள்வதே இல்லை.

தரைக்கு வருவதை மதிப்பிட, தரையருகே காற்றின் வெப்பநிலையும் நீராவி அழுத்தமும் தெரிந்தால் போதும். 1932-இல் வானிலை அறிஞர் பிரண்ட் தந்த சூத்திரமும், 1975-இல் நீரியல் அறிஞர் புருட்சார்ட் தந்ததும் இவ்வகையே. பின்னதன்படி, ஹெக்டோபாஸ்கலில் எடுத்த ஆவி அழுத்தத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்து, அதன் ஏழாம் மூலத்தை 1.24-ஆல் பெருக்கினால், தெளிந்த வானத்தின் உமிழ்திறன் (அதே வெப்பநிலையில் முழுக் கரும்பொருள் உமிழ்வதில் எத்தனை பங்கு என்பது) கிடைக்கும். சேலத்தில் 27 டிகிரி செல்சியஸ், 20 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் உமிழ்திறன் 0.84; கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அமையும் என்னும் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மென் விதிப்படி வானம் தருவது 387 வாட். ஏற்காட்டில் 18 டிகிரி, 14 ஹெக்டோபாஸ்கல் என்றால் 327 வாட். ஆனால் பனிமூட்டம் இறங்கிவிட்டால் உமிழ்திறன் ஒன்றை நெருங்கி, ஏற்காட்டு வானமும் 400 வாட்டுக்கு மேல் தரும். சூத்திரத்தின் எண்கள் சமவெளிக் காற்றுக்குப் பொருத்தப்பட்டவை என்பதால், மலைக்கு அதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

அளந்தும் பார்க்கலாம். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி உதவாது. அது காய்ச்சல் எல்லைக்கு அப்பால் எண் காட்டாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். தை மாத இரவொன்றில் மொட்டைமாடியில் அதை வானத்துக்கு நேரே பிடித்தேன். சுழியத்துக்குக் கீழே இறங்கிய எண், ஒரு மேகத்துண்டு குறுக்கே வந்ததும் 12-க்குத் தாவியது. பக்கத்து மாடியில் வடாம் துணியை மடித்துக்கொண்டிருந்த அம்மையார் நான் நட்சத்திரத்தைக் குறிவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஒரு எச்சரிக்கை: இக்கருவி பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள அலைகளையே வாங்குகிறது. தெளிந்த வானம் மிகக் குறைவாக உமிழும் சாளரம் அதுவே. ஆகவே அந்த எண்ணை அப்படியே விதியில் இட்டால் வரும் விடை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

என் வேண்டுகோள் இதுதான். வரும் தை, மாசியில் ஏதேனும் ஓர் இரவு எட்டு மணிக்கு, சேலத்துப் பள்ளி ஒன்றும் ஏற்காட்டுப் பள்ளி ஒன்றும் உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகளைப் படித்து, அவற்றின் வேறுபாட்டிலிருந்து ஆவி அழுத்தத்தைக் கண்டு, இந்தக் கணக்கைப் போட்டு, விடைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். ஈரக் குமிழில் சுற்றும் துணி கஞ்சி போகத் துவைத்ததாக இருக்கட்டும், விசிறிவிட்டுப் படியுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஒரு பழைய இயற்பியல் ஆசிரியன்