காற்றுக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று

நெல்லிக்குப்பம் பக்கம்,
ஐப்பசி 9

அன்புள்ள வசந்தா,

நலம்தானே? உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. உறைபனி தொடங்குவதற்குள் செடிகளுக்குப் போர்த்துவதற்கு நீ ஊட்டியில் சாக்குச் சேர்க்கிறாய். இங்கே நான் ஓடு சேர்க்கிறேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து வாசலில் காய்ந்த இடமே இல்லை. துவைத்த துணி தாழ்வாரத்துக் கொடியிலேயே கிடந்து வாடை அடிக்கிறது. வேலை தலைக்கு மேல் இருந்தாலும் உனக்கு விரிவாக எழுதவேண்டும் என்று இன்று உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறோம்.

முதலில் ஓட்டு வேலையைச் சொல்கிறேன். நாட்டு ஓடு மாற்றத் தெரிந்தவர்கள் இப்போது அருகிவிட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவரைத் தேடிப்பிடித்து அழைத்துவந்தோம். மேலே ஏறுவதற்கு முன் அவர் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மழை விட்டு வெயில் அடித்த ஒரு மதியம், கதவு சன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொன்னார். இருண்ட கூடத்தின் தரையில் காசு காசாக வெளிச்சம் விழுந்தது. அந்த ஒளிக்கோட்டைப் பிடித்துக்கொண்டே கண்ணை மேலே கொண்டுபோனால் உடைந்த ஓடோ நகர்ந்த ஓடோ தெரிகிறது. அவருடைய பேரன் உள்ளே நின்று மூங்கில் கழியைப் பொத்தலில் விட்டு ஆட்டினான். கழியின் நுனி தெரிந்த இடத்தில் பெரியவர் ஓட்டை மாற்றிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் அணிலும் பூனையும் நகர்த்தியவை. இரண்டு சரிவும் சேரும் மூலையில் வேப்பஞ்சருகு அடைத்து, தண்ணீர் எதிர்த்து ஏறிக் கைமரத்தில் இறங்கியிருந்தது. மரத்தை விரலால் அழுத்தினால் மாவாகக் கொட்டியது. அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டோம்.

“இவ்வளவு பாடு எதற்கு அம்மா? மொத்தமாகப் பிரித்துக் காங்கிரீட் தளம் போட்டுவிடலாம்” என்று பெரியவன் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மண்ணில் மழைக்காலம் எப்போதும் ஒரே முகத்தோடு வருவதில்லை. அதை அவனுக்குப் புரியவைக்க எனக்கு நாளாயிற்று.

2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையேறியபோது நம்மை அடித்தது காற்று. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசிய அந்தக் காற்றில் ஓடுகள் சருகு மாதிரிப் பறந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நீயே வந்து பார்த்து அழுதாய். 2015 தீபாவளிக்கு முந்தைய நாள் வந்தது மழை. நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் கூரையில் ஓர் ஓடு அசையவில்லை. ஆனால் தெருத் தண்ணீர் படியேறி வந்தது. 2024 இன்னொரு விதம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பெய்தது. புதுச்சேரியில் மட்டும் ஒரு நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல். அந்த மழையையும் வீடு தாங்கிவிட்டது. மழை விட்டு, அப்பாடா என்று நாங்கள் அடுப்பு மூட்டிய பிறகுதான் தென்பெண்ணை ஆறு வந்தது. எங்கோ திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி திறந்துவிட்டார்கள். கூடத்தில் முழங்கால் அளவு செம்மண் தண்ணீர். மேலே வானத்தில் மேகம் கலைந்துகொண்டிருந்தது.

காற்றுக்குக் கனமான கூரை வேண்டும். மழைக்கு ஒழுகாத கூரையும் ஓடித் தீர வாய்க்காலும் வேண்டும். ஆற்றுக்கு உயரம் வேண்டும். ஒன்றுக்குச் செய்த ஏற்பாடு மற்றதற்கு உதவாது. புயலுக்குப் பயந்து தாழ்வான தள வீட்டின் தரையில் நெல் மூட்டையை அடுக்கிவைத்தவர்கள், ஆறு வந்தபோது ஒரு மணிகூட மிஞ்சாமல் இழந்தார்கள். இதைத்தான் அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கடைசியில் இரண்டு பேருக்கும் ஒப்பான முடிவாக ஒன்று செய்தோம். முன்கட்டு ஓட்டு வீடாகவே இருக்கட்டும். கோடையில் அதைப்போல் குளிர்ச்சி எந்தத் தளத்துக்கும் வராது. பின்கட்டில் பழைய களஞ்சியம் இருந்த இடத்தில், அடித்தளத்தை நான்கு அடி உயர்த்தி, காங்கிரீட் கூரையோடு ஓர் அறை கட்டியிருக்கிறோம். மொட்டைமாடிக்கு வெளியே படி. ஆவணியில் தொடங்கி, மழைக்கு முன் தளம் போட்டாயிற்று. பூச்சு வேலை தைக்குமேல்தான். என் வளையல்கள் அடகில் இருக்கின்றன. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நெல் மூட்டை, விதை, வரட்டி, விறகு எல்லாம் இப்போது அந்த அறையில். பட்டா, பத்திரம், குடும்ப அட்டை பிளாஸ்டிக் உறையில் கட்டித் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. குடிதண்ணீருக்கு மூடியுள்ள இரண்டு பீப்பாய் வைத்திருக்கிறேன், ஏனென்றால் வெள்ளம் வந்தால் முதலில் கெடுவது கைப்பம்புத் தண்ணீர். தென்னையில் காய்ந்த மட்டையையும் குலைகளையும் இறக்கிவிட்டோம். முருங்கையைக் கழித்தாயிற்று. கரும்புக்குக் காய்ந்த சோகை உரித்து, சாயாமலிருக்க விட்டம் கட்டியிருக்கிறார், உன் அண்ணன். மாடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். தண்ணீர் ஏறும்போது கட்டிப்போட்ட மாடு நின்ற இடத்திலேயே செத்துவிடும். அவிழ்த்துவிட்டால் மேட்டைத் தேடி நீந்திப் போய்விடும். ஆகவே இழுத்தால் அவிழும் முடிச்சாகத்தான் போட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும், சின்னவனுக்குக்கூட, கற்றுக்கொடுத்திருக்கிறேன். மழை நின்றதும் இப்போதெல்லாம் நான் வானத்தைப் பார்ப்பதில்லை. சாத்தனூர் நிலவரத்தைக் கேட்கிறேன்.

அத்தைக்கு வழக்கம்போல் இளைப்பு. சுவர் ஈரம் குடித்துவிட்டால் மாசிவரைக்கும் அவருக்குக் கஷ்டம்தான். கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டு, சுக்குத் தண்ணீரும் கம்பளியுமாகப் பார்த்துக்கொள்கிறேன். புது அறைக்கு வந்து படுக்கச் சொன்னால் சிமெண்ட் வாடை என்கிறார்.

உன் வீட்டுப் பின்புறத் தடுப்புச் சுவர் ஓதம் பிடித்திருக்கிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு ரோஜாப் பதியனுக்குப் போய்விட்டாய். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை. சுவரில் தண்ணீர் வடியத் துளைகள் விட்டிருப்பார்கள். அவை மண்ணால் அடைத்துக்கொண்டால் மழைநீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, அதன் கனமே சுவரைத் தள்ளும். ஆள் விட்டுக் கம்பியால் குத்திச் சுத்தம் செய். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ புது வெடிப்பு கண்டாலோ, அந்தப் பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்தபோது உன் சேதி தெரியும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதை அலட்சியம் செய்யாதே, வசந்தா.

மார்கழியில் பேரனை அழைத்துக்கொண்டு வருவதாக எழுதியிருந்தாய். “கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை” என்று அத்தை தீபம் முடிந்ததும் சொல்வார், உனக்கு நினைவிருக்கும். ‘தானே’ புயல் வந்தது மார்கழி நடுவில். அதற்குப் பிறகு அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே மார்கழி வேண்டாம். பொங்கலை முடித்துக்கொண்டு புறப்படு. தை 5 ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரையில் மணலில் நடக்கலாம், சிறுவள்ளிக் கிழங்கு வாங்கலாம், பேரனுக்கு ராட்டினம் இருக்கும். டிக்கெட் எடுத்ததும் எழுது. அதற்கு முன்பே அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் கமலா