நீ பென்சிலால் கோடு போட்ட புத்தகங்கள்

பாப்பாவுக்கு,

போனில் பேசினால் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி வந்த பிறகு, நீ விட்டுப்போன அலமாரியிலிருந்து இந்த வருஷம் ஒன்பது நாவல் படித்து முடித்துவிட்டேன். அதில் மூன்று புத்தகத்தின் பேர்கூட ஞாபகத்தில் இல்லை, அதை விடு.

கரிப்பு மணிகளைச் சந்தேகத்தோடுதான் எடுத்தேன். ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர், நம்ம தூத்துக்குடி உப்பளத்தைப் பற்றி 1979-ல் அவர் என்னத்தைப் பெரிதாக எழுதியிருக்கப் போகிறார் என்று ஒரு இளக்காரம். பொன்னாச்சி அளத்து வேலைக்குப் போக ஆரம்பித்ததும் என் வாய் அடைத்துப்போனது. என் சித்தி அளத்துக்குப் போய் வந்தவள். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து வெடித்த பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள், கிட்டே போனால் அதட்டுவாள், ஏன் அதட்டினாள் என்று இத்தனை வயசுக்கு அப்புறம் ஒரு நாவலைப் படித்துத்தான் எனக்குப் புரிய வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் சொல்வேன், பின்பாதியில் ஆட்கள் பேசுவது சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. அளத்தில் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா வந்தாள் விஷயத்தில் நமக்குள் பழைய சண்டை இருக்கிறது. காலேஜ் படிக்கையில் நீ அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாய், நான் தொடவே மாட்டேன் என்றேன். இப்போது இரண்டு தரம் படித்தாகிவிட்டது. காவிரிக் கரையையும் இந்து என்கிற பெண்ணையும் ஜானகிராமன் எழுதியிருக்கிற அழகுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மா அலங்காரத்தை எல்லாரும் வெளியே நின்றுதானே பார்க்கிறார்கள்? மகன் அப்பு பார்க்கிறான், புருஷன் தண்டபாணி பார்த்தும் பார்க்காமல் இருக்கிறார். புருஷன் இருக்கும்போதே பழகிய சிவசுவிடம் அவள் என்ன கண்டாள் என்று அவள் வாயால் ஒரு பக்கம் வந்திருந்தால் நான் இன்னும் ஒத்துக்கொண்டிருப்பேன். செய்த பாவத்துக்கு மகனை வேதம் படிக்க அனுப்பி வைக்கிறாள், அதிலும் கணக்குத் தீராமல் கடைசியில் காசிக்குப் போகிறாள். நீ அந்தக் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். நான் பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன், வந்து பார்.

புயலிலே ஒரு தோணியில் ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை மூடி வைத்தேன். மெடான், பினாங்கு, சண்டை, பட்டாளம், ஒரே ஆம்பிளைக் கூட்டம். அவ்வளவு தூரத்தில் போய் இருந்துகொண்டு பாண்டியன் மதுரைத் தெருவை நினைக்கிற இடங்களில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. அப்பா இதைத்தான் இந்த வருஷத்தில் உசத்தி என்கிறார். அவர் படித்தது இது ஒன்றுதான்!

வெக்கையை, அதிலிருந்து எடுத்த அசுரன் படத்தைப் பார்த்துவிட்டுப் படித்ததால் அரிவாளும் கையுமாக ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். வெட்டு முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது, அதுவும் கையை மட்டும் வெட்ட நினைத்தவன் ஆளையே கொன்றுவிடுகிறான், பதினைந்து வயசுப் பையன். அப்புறம் அப்பனும் மகனும் காட்டில் எங்கே படுத்தார்கள், எதைத் தின்றார்கள் என்றுதான் போகிறது. எனக்குப் படத்தைவிட அதுதான் பயமாக இருந்தது.

சரி, இந்த வருஷத்தில் எனக்குப் பிடித்தது எது என்றால், தண்ணீர். இத்தனூண்டு புத்தகம், அசோகமித்திரன் 1973-ல் எழுதியது. அடிபம்பும் குடமும் வாளியுமாக ஒரு மெட்ராஸ் தெரு. விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து குடம் வைத்துக் காவல் காத்தவளுக்கு அதில் சிரிப்பு வருகிற இடங்கள் நிறைய. செத்துவிடலாம் என்று இருக்கிற ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கல்யாணக் கதையைச் சொல்கிறாளே, அங்கே ஆறுதல் என்று ஒரு வார்த்தை கிடையாது, அவள் பட்டதை அப்படியே சொல்கிறாள், அவ்வளவுதான். அந்த இடத்தில் நீ கோடு போடவில்லை. நான் போட்டுவிட்டேன்.

கடைசியாக செல்லாத பணம். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ரேவதி தீக்காயத்தோடு உள்ளே கிடக்கிறாள், அவள் அப்பா நடேசனும் அம்மாவும் ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்கள், கையில் பணம் இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. நாலு நாள் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நீ மாப்பிள்ளையைப் பற்றி வீட்டில் சொன்னபோது நான் உன்னோடு பதினோரு நாள் பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். ரேவதியின் அம்மா அழுது புலம்புகிற பக்கமெல்லாம் எனக்கு அந்தப் பதினோரு நாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், அப்பா கண்ணில் பட வேண்டாம்.

அதில் நீ எங்கேயும் பென்சில் வைக்கவில்லை. படித்தாயா, பாதியில் மூடிவிட்டாயா?

பொங்கலுக்கு வரும்போது அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோடு நாவலைக் கொண்டு வா. எழுத்து பெரிசாக இருக்கிற பதிப்பாகப் பார்த்து வாங்கு.

அம்மா