மணிக்கு என்ன ஆயிற்று?

கோத்தகிரி,
ஐப்பசி 12

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. இங்கே விடாத மழை, துவைத்த துணி எதுவும் காயவில்லை. கொடைக்கானலிலும் இதே கதைதானே?

மணி விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வயதுவரை தைரியமாக இருந்த நாய், பத்து நாளாக அந்தி சாய்ந்தால் கட்டிலுக்கடியில் ஒளிகிறது, பின்கதவுப் பக்கமே போவதில்லை என்கிறாய். அம்மா செய்வினை என்கிறார்களாம். அவர்களோடு வாதாடாதே, எலுமிச்சம்பழம் சுற்றட்டும். நீ அதன் உடம்பைப் பார். வளர்ந்த நாய்க்குத் திடீரென்று பயம் வந்தால் பல சமயம் வலிதான் காரணம்.

தொடுவதற்கு முன் ஒன்று. வெறிநாய்த் தடுப்பூசி விட்டுப்போயிருந்து, எச்சில் ஒழுகுகிறது, குரல் மாறியிருக்கிறது, விழுங்க முடியவில்லை என்றால் கிட்டே போகாமல் அறையைப் பூட்டிவிட்டு டாக்டருக்குச் சொல். கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி. வெறிநாய்க்கடிக்கு வைத்தியம் பார்க்கவென்றே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தொடங்கிய இந்த மலையிலேயே, கடிவாயில் இன்னும் மஞ்சள் அப்புகிறவர்கள் உண்டு.

அப்படி எதுவும் இல்லையென்றால் காதை முகர்ந்து பார். கெட்ட நாற்றம் அடித்தால் உள்ளே புண். ஈறு வெளுத்திருக்கிறதா? ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்: 101 முதல் 102.5 வரை சரி. 103-ஐத் தாண்டி, ஈறும் வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தம் சோதிக்க வேண்டும். ஓடைத் தண்ணீர் குடிக்கிற நாய்க்கு மூக்கினுள் அட்டையும் ஏறும். ஒரு துவாரத்தில் மட்டும் ரத்தம், ஓயாத தும்மல் என்றால் அதுதான் என் சந்தேகம். நீ இழுக்காதே, டாக்டர் எடுக்கட்டும். வலிக்கிறதே என்று வீட்டு மாத்திரை எதையும் கொடுத்துவிடாதே.

உங்கள் ஊர் டார்க் சாக்லேட்டைத் தின்றிருந்தால் மூச்சிரைப்பு, நிலைகொள்ளாமை, படபடப்பு எல்லாம் வரும். தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து என்றால் ஜொள், நடுக்கம், சுருங்கிய கண்மணி. இரண்டுக்கும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. மணிக்குப் பத்து நாளாக இருப்பதால் இவை இருக்காது என்று நினைக்கிறேன்.

இருட்டினால் மட்டும் என்பதால் கண்ணையும் சோதி. மங்கிய வெளிச்சத்தில் அதன் முன்னால் ஒரு பஞ்சு உருண்டையைப் போடு. பஞ்சு விழுந்தால் சத்தம் வராது; பார்வை பின்தொடரவில்லை என்றால் கண் மங்குகிறது.

எல்லாம் சரியாக இருந்தால் பின்கதவைச் சந்தேகப்படு. கொல்லையில் காட்டுமாடு வந்து போயிருக்கலாம், சிறுத்தையின் வாடையாகவும் இருக்கலாம். காலையில் ஈர மண்ணில் தடம் பார். சிறுத்தை என்றால் மணியின் பயம்தான் நியாயம். இருட்டிய பிறகு வாசல் பக்கமாகச் சங்கிலியோடுதான் வெளியே விட வேண்டும். பட்டாசு, இன்வெர்ட்டர் கீச்சிடும் சத்தம்கூடக் காரணமாகலாம். எந்த நேரத்தில் பயப்படுகிறது என்று ஒரு வாரம் குறித்துவை.

ஆபத்து எதுவும் இல்லையென்று உறுதியானபின் பழக்கலாம். பின்கதவிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றால் நிம்மதியாகத் தின்கிறதோ, அங்கே அவித்த கோழியை மொச்சைக்கொட்டை அளவு கொடு. ஐந்து நிமிடம், தினம் இரண்டு வேளை. நாளுக்கு ஓர் அடி நெருங்கு. கறியை மறுத்தால் அவசரப்பட்டுவிட்டாய் என்று அர்த்தம், இரண்டடி பின்வாங்கு. கட்டிலடியிலிருந்து இழுக்காதே, அதட்டாதே. தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பது வெறும் பேச்சு. தானாக வந்து ஒட்டினால் தாராளமாகத் தடவு.

ஈறு என்ன நிறம், காய்ச்சல் எவ்வளவு என்று உடனே எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
பெள்ளி